உப்புக்காற்றில் இறுகிப்போன டை ராட் எண்ட், லோயர் ஆர்ம், பின் டிரம்: வீட்டிலேயே குறைந்த செலவில் கழற்ற வழி உண்டா?

கேள்வி: முத்துநகர்வாசி (தூத்துக்குடி)

நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் 2009ஆம் ஆண்டு மாதிரி மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் இருக்கிறது. வீடு கடலுக்கு அருகில் இருப்பதாலும், கொட்டகை இல்லாமல் வண்டி எப்போதும் வெளியிலேயே நிற்பதாலும், அடிப்பகுதியில் இருக்கும் போல்ட்டுகளில் பெரும்பாலானவை துருவேறிப் பழுப்பு நிறக் கட்டிகளாகத்தான் தெரிகின்றன. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது முன்பக்க இடது சக்கரத்தில் 'டக்' என்ற ஓசை கேட்கிறது. ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தின் இரு பக்கங்களையும் பிடித்து அசைத்தால் டை ராட் எண்டில் (ஸ்டீயரிங்கின் திருப்பலைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டின் முனை மூட்டு) ஆட்டம் தெரிகிறது. மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தால், சக்கரத்தைக் கீழ்ப்பக்கத்தில் காரின் சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் பால் ஜாயிண்டிலும் (அதன் சக்கரப் பக்க முனையில் உள்ள பந்து மூட்டு) ஆட்டம் இருக்கிறது. லோயர் ஆர்ம் சட்டத்தோடு இணையும் இடத்தில் உள்ள புஷ்களின் (ரப்பர் பதித்த குழாய்கள்) ரப்பர் வெடித்து, நடுக்குழாய் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. இவை போதாதென்று, பின்சக்கரப் பிரேக்கின் டிரம் ஒன்றை, அதன் உட்புறத்தில் அழுந்தும் பிரேக் ஷூவைப் பார்ப்பதற்காகக் கழற்ற முயன்றேன். அது இம்மியும் நகரவில்லை.

விசாரித்த இடத்தில் பாகங்களின் விலைக்கு ஏறக்குறைய நிகரான தொகையைக் கூலியாகவும் கேட்கிறார்கள். என்னிடம் ரிங் ஸ்பேனர் தொகுப்பு, அரை அங்குல சாக்கெட் பெட்டி, ஒரு கிலோ சுத்தியல், காருடன் வந்த ஜாக்கி ஆகியவை மட்டுமே இருக்கின்றன. பிரஸ், கம்ப்ரஸர், கேஸ் கட்டர் எதுவும் கிடையாது. புதிய பாகங்களை மாட்டுவதில் எனக்குப் பயமில்லை; பழையவற்றைச் சேதமில்லாமல் வெளியே எடுப்பதுதான் சிக்கல். எதை வீட்டில் செய்யலாம், எதற்குக் கொஞ்சம் பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: கடைசல்காரன் (கோயம்புத்தூர்)

வணக்கம் ஐயா. ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பு, நீங்கள் சொல்லும் ஒவ்வொரு பாகமும் எதனால் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நட்டு கழலாததற்குக் காரணம் மரையில் ஏறிய துரு. டை ராட் எண்ட், நட்டை எடுத்த பிறகும் வெளியே வராததற்குக் காரணம் கூம்பு வடிவத் தண்டு அதே வடிவத் துளைக்குள் இறுகி அமர்ந்திருப்பது. புஷ் வராததற்குக் காரணம், துளையைவிடச் சற்றுப் பெரிய வெளிக்குழாயை அழுத்திச் செருகியிருப்பது. டிரம் வராததற்குப் பெரும்பாலும் உள்ளே ஷூ தேய்த்து உண்டாக்கிய பள்ளமும் அதன் ஓரத்தில் நிற்கும் விளிம்பும் காரணமாக இருக்கும். இந்த நான்குக்கும் ஒரே மருந்து சுத்தியல் என்று நினைப்பதால்தான் வீட்டில் செய்யும் வேலைகள் பாதியில் நின்று, வண்டியை இழுத்துச் செல்லும் செலவும் சேர்ந்துவிடுகிறது.

முதலில் துருவேறிய நட்டுகளைப் பார்ப்போம். எண்ணெய் விடுவதற்கு முன்பு, நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரைப் பகுதியைக் கம்பித் தூரிகையால் நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். கழலும் நட்டு அந்தத் துருவின் மேல்தான் நடந்து வெளியே வர வேண்டும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. முதல் இரண்டு சுற்று இலகுவாக வந்த நட்டு பிறகு இறுகி போல்ட்டையே முறிப்பது இதனால்தான். சுத்தம் செய்த பிறகு துரு நீக்கும் எண்ணெயை விட்டு, போல்ட்டின் தலையில் சுத்தியலால் மிதமாகப் பல முறை தட்டுங்கள். தட்டும்போது துருவில் நுண்ணிய விரிசல்கள் உண்டாகி, எண்ணெய் அவற்றின் வழியே உள்ளே இறங்கும். மாலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, காலையில் ஒரு முறை என்று விட்டு, பிறகு தொடங்கினால் போதும்.

கடையில் எளிதாகக் கிடைக்கும் டபிள்யூ.டி-40 பயன்படும் என்றாலும், அது நீரை விலக்குவதற்காக 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் உருவாக்கப்பட்ட கலவை. இறுகிய துருவுக்கென்றே தயாரிக்கப்படும் எண்ணெய்கள் அதைவிட நன்றாக வேலை செய்கின்றன. பட்டறைகளில் காலங்காலமாக மண்ணெண்ணெயோ டீசலோ விட்டு ஊற வைப்பார்கள். அது மெதுவாக வேலை செய்யும், ஆனால் செலவு மிகக் குறைவு; ரப்பர் பாகங்களில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கழற்றத் தொடங்கும்போது, உடனே இடப்பக்கம் திருப்பாமல், முதலில் இறுக்கும் திசையில் சிறிதளவு கொடுங்கள். துருவின் பிடி உடைந்தால் ஒரு 'கிறீச்' ஒலி கேட்கும். அதன் பிறகு கழற்றும் திசையில் கால் சுற்று, திரும்ப இறுக்கும் திசையில் சிறிது, மீண்டும் எண்ணெய் என்று முன்னும் பின்னுமாகக் கொண்டுவர வேண்டும். சாக்கெட் ஆறு முகம் கொண்டதாக இருக்கட்டும். பன்னிரண்டு முகச் சாக்கெட்டும் திறந்த வாய் ஸ்பேனரும் துருவேறிய நட்டின் முனைகளை மழுக்கிவிடும்.

நீளமான கைப்பிடிக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. சாக்கெட் பெட்டியோடு வரும் எல் கைப்பிடியின் மேல் ஒரு மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாயைச் செருகிக்கொள்ளலாம். அரை மீட்டர் கைப்பிடியில் 60 கிலோ அழுத்தினால் கிடைக்கும் ஏறத்தாழ 300 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை, ஒரு மீட்டர் கைப்பிடியில் 30 கிலோ அழுத்தத்திலேயே கிடைத்துவிடும். ராட்செட்டின் (ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் பற்சக்கரக் கைப்பிடி) மேல் மட்டும் குழாயைச் செருகாதீர்கள். உள்ளே இருக்கும் பற்கள் உடைந்துவிடும். அதுபோல, சிறிய போல்ட்டுகளுக்கு இவ்வளவு விசை வேண்டாம்; 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு இந்தக் குழாயைப் பயன்படுத்தினால் கையில் மிஞ்சுவது தலை மட்டும்தான்.

டை ராட் எண்டுக்கு வருவோம். புதிய பாகம் வாங்கிவிட்டீர்கள் என்றால் பழையதன் ரப்பர் உறை கிழிவதைப் பற்றிக் கவலை இல்லை. ஆனாலும் கவை போன்ற இருமுனைக் கருவியை இடையில் வைத்து அடிப்பதைவிட எளிய வழி இருக்கிறது. நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னை எடுத்துவிட்டு, நட்டைத் தண்டின் நுனி மட்டத்துக்கு வரும் வரை மட்டும் தளர்த்தி அங்கேயே விட்டுவிடுங்கள். தண்டு திடீரென்று விடுபடும்போது அது கீழே விழாமல் தாங்கும். இப்போது அடிக்க வேண்டிய இடம் தண்டு அல்ல, அந்தத் தண்டு நுழைந்திருக்கும் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பாகம்) கையின் கண், அதாவது துளையுள்ள முனை. அதன் ஒரு பக்கத்தில் கனமான சுத்தியல் ஒன்றைத் தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் ஒன்றரைக் கிலோ சுத்தியலால் பக்கவாட்டில் ஓங்கி அடிக்க வேண்டும். அடி விழும் கணத்தில் துளை நொடிப்பொழுது நீள்வட்டமாகி, கூம்பு தன் பிடியை விட்டுவிடும். ஒரு கடப்பாரையால் டை ராடைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இன்னொருவர் அடித்தால் இன்னும் விரைவாக வரும். வார்ப்பிரும்பு நக்கிளுக்கு மட்டுமே இந்த முறை பொருந்தும்; அலுமினிய நக்கிள் உள்ள வண்டிகளில் இப்படி அடிக்கக் கூடாது, புல்லர் என்னும் இழுப்புக் கருவிதான் வேண்டும்.

புஷ் விஷயத்தில் என் கருத்தை நேராகச் சொல்கிறேன். ஆர்மை நீங்களே கழற்றி, அருகில் உள்ள ஹைட்ராலிக் பிரஸ் வைத்திருக்கும் லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்றால், சிறு தொகையில் பழையதை எடுத்துப் புதியதை அழுத்திக் கொடுத்துவிடுவார்கள். கழற்றும் கூலிதான் பெரிது; அழுத்தும் கூலி பெரிதல்ல.

பதில் 2: பனிக்காட்டான் (ஸ்கார்பரோ, கனடா)

வணக்கம் சகோதரம். நான் ரொறன்ரோ பகுதியில் இருக்கிறேன். இங்கே குளிர்காலம் முழுவதும் பனியைக் கரைக்க வீதிகளில் உப்புக் கொட்டுவார்கள். பத்து வருடம் ஓடிய காரின் அடிப்பகுதி உங்கள் தூத்துக்குடிக் காரைவிட மோசமாக இருக்கும். ஆகவே துருவைப் பற்றி இங்கே எல்லோருக்கும் ஏதாவது சொல்வதற்கு இருக்கும்.

உங்கள் வண்டியில் அதிகம் சோதிக்கப் போவது டை ராட் அல்ல, பால் ஜாயிண்டின் தண்டை நக்கிளில் பிடித்திருக்கும் குறுக்குப் போல்ட்தான் என்று நினைக்கிறேன். நக்கிளின் அடியில் பிளவுபட்ட கண் ஒன்று இருக்கும். தண்டு அதற்குள் நுழைந்திருக்கும். தண்டின் கழுத்தில் ஒரு பள்ளம் உண்டு. குறுக்குப் போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகச் செல்கிறது. எனவே அதைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுவதுமாக உருவி எடுக்காமல் தண்டு வெளியே வராது. இது தெரியாமல் ஆர்மைக் கீழே நெம்பிக்கொண்டே இருப்பவர்கள் பலர்.

நட்டு கழன்ற பிறகும் அந்தப் போல்ட் துளைக்குள் துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் மரை முனையில் அடிக்க வேண்டாம். நுனி காளான்போல விரிந்துவிட்டால் அது துளை வழியாக ஒருபோதும் வராது. நட்டைத் திரும்ப நுனி மட்டத்துக்குத் திருகி வைத்து, அதன் மேல் அடியுங்கள். அதற்கு முன்னர் போல்ட்டின் தலையில் ஸ்பேனரைப் போட்டு, சிறிது சிறிதாக இரு பக்கமும் திருப்பித் துருவை அரைத்துத் தூளாக்குவதே நல்லது. தலை சுழலத் தொடங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிளவில் உளியை வைத்துக் கண்ணை விரிக்க நேர்ந்தால் தண்டு அசையும் அளவுக்கு மட்டும் விரியுங்கள். வார்ப்பிரும்பு வளைவதைக் காட்டிலும் வெடிப்பதையே விரும்பும். வெளியே வந்த போல்ட்டையும் நட்டையும் திரும்பப் பயன்படுத்தாமல், தலையில் அதே தர எண் பொறித்த புதியவற்றைப் போடுங்கள். சாதாரண இரும்புக் கடைப் போல்ட் இந்த இடத்துக்கு ஆகாது.

போல்ட்டை எடுத்த பின், ஆர்மின் மேல் நீளமான குழாய் ஒன்றை வைத்துச் சங்கிலியால் கட்டி, குழாயின் மறுமுனையைக் கீழே அழுத்தினால் தண்டு கண்ணிலிருந்து கழன்று வரும். அந்த நேரத்தில் நக்கிள் வெளிப்பக்கமாக வந்து சாயப் பார்க்கும். அப்படி இழுபட்டால் சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்டின் உள்மூட்டு கழன்றுவிடக்கூடும் என்பதால் நக்கிளை ஒரு கயிற்றால் உள்பக்கமாகக் கட்டி வையுங்கள்.

வெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறிய எரிவாயுக் குடுவையில் பொருத்தும் கைச்சுடர் விளக்கு எண்ணெய்களைவிட வலிமையானது. சூடாக்க வேண்டியது வெளியே இருக்கும் நட்டை அல்லது கண்ணை. உள்ளே இருக்கும் போல்ட்டை அல்ல. இரும்பு ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் சுமார் 12 பங்கு விரியும். 14 மில்லிமீட்டர் துளையை 200 பாகை கூடுதலாகச் சூடாக்கினால் அது ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர் பெரிதாகும். கேட்பதற்கு ஒன்றுமில்லாததாகத் தெரியும். ஆனால் துருவின் பிடியை உடைக்க அது போதும். சூடான நிலையில் சாதாரண மெழுகுதிரியை நட்டின் விளிம்பில் தொட்டால், மெழுகு உருகி மரைகளுக்குள் இழுக்கப்பட்டு வழுக்கலைக் கொடுக்கும். செலவு ஒரு மெழுகுதிரி.

ஆனால் சூடாக்கக் கூடாத இடங்கள் பல. பெட்ரோல் குழாய், பிரேக் ஹோஸ், ஷாக் அப்சார்பர், ரப்பர் உறை உள்ள பால் ஜாயிண்ட், சி.என்.ஜி. பொருத்திய வண்டியில் அதன் குழாய் ஆகியவற்றின் அருகில் சுடரைக் கொண்டுபோகாதீர்கள். மூடிய பால் ஜாயிண்டுக்குள் கிரீஸ் கொதித்தால் அது வெடித்துத் தெறிக்கும். எண்ணெய் விட்ட இடத்தை முதலில் துடைத்துவிட வேண்டும். இணையத்தில் பிரபலமான, அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் சம அளவில் கலக்கும் வீட்டு மருந்து நன்றாகவே வேலை செய்கிறது. இரண்டும் தாமாகவே பிரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கி விட வேண்டும். பெயிண்ட், பிளாஸ்டிக், ரப்பர் மூன்றையும் அசிட்டோன் கெடுக்கும். அசிட்டோன் ஆவி மிக எளிதில் தீப்பிடிக்கும் என்பதால், அந்தக் கலவையைப் பயன்படுத்திய இடத்தில் அதே நாளில் சுடரைக் காட்டாதீர்கள்.

பதில் 3: பழைய ஸ்பேனர் (சென்னை)

இருவரும் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். புஷ்ஷை வீட்டிலேயே எடுக்க விரும்புவோருக்கும், டிரம் குறித்தும் சில விஷயங்களைச் சேர்க்கிறேன்.

லேத் பட்டறைக்குப் போவது நல்ல யோசனைதான். ஆனால் எல்லா ஊரிலும் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் பட்டறை கிடைப்பதில்லை. உயர் இழுவிசைத் தரமுள்ள 12 அல்லது 14 மில்லிமீட்டர் மரைக்கம்பி ஒன்று, இரண்டு நட்டுகள், தடித்த வாஷர்கள், புஷ்ஷின் வெளி விட்டத்தைவிடச் சற்று அகலமான இரும்புக் குழாய்த் துண்டு, புஷ்ஷின் வெளிக்குழாய்மீது மட்டும் பொருந்தும் அளவிலான பழைய சாக்கெட் ஆகியவை இருந்தால் வீட்டிலேயே ஒரு பிரஸ் தயாராகிவிடும். கம்பியை புஷ்ஷின் நடுவே செலுத்தி, ஒரு பக்கம் சாக்கெட்டையும் மறுபக்கம் குழாய்த் துண்டையும் வைத்து, மரைக்குக் கிரீஸ் தடவி நட்டை இறுக்கிக்கொண்டே போனால் புஷ் குழாய்க்குள் நகர்ந்து வரும். பெரிய பெஞ்ச் வைஸ் இருந்தால் கம்பிக்குப் பதிலாக வைஸின் தாடைகளே அழுத்திவிடும். குழாய்த் துண்டைப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கலாம்.

அதற்கும் அசையாத புஷ் என்றால், ரப்பரைச் சுற்றிலும் துளைகள் போட்டு நடுக்குழாயை முதலில் தள்ளி எடுத்துவிடுங்கள். எஞ்சியிருக்கும் வெளிக்குழாயை ஹேக்ஸா பிளேடால் உள்ளிருந்து நீளவாக்கில் அறுத்து, உளியால் உள்நோக்கி மடித்தால் அது தளர்ந்து வரும். அறுக்கும்போது ஆர்மின் துளைச் சுவரில் பிளேடு படாமல் நிறுத்துவதில்தான் திறமை இருக்கிறது. ரப்பரை எரித்து எடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அந்தப் புகை நச்சு, அக்கம்பக்கத்தாருக்கும் தொல்லை. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புதிய புஷ்ஷை ஃப்ரீசரில் வைத்தால் சுருங்கிச் சுலபமாக நுழையும் என்பதும் பரவலாகச் சொல்லப்படுகிறது. 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புக் குழாய் 45 பாகை குளிர்ந்தால் சுமார் 0.02 மில்லிமீட்டர்தான் சுருங்கும். கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பிச் சுத்தியலை எடுக்க வேண்டாம். துளையை உப்புத்தாளால் தேய்த்து, சோப்புத் தண்ணீர் தடவிச் செருகுவது அதைவிடப் பயனுள்ளது. ரப்பரில் சில இடங்களில் வேண்டுமென்றே வெற்றிடம் விட்டிருப்பார்கள். பழையது எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் புதியதும் இருக்க வேண்டும். ஆகவே எடுப்பதற்கு முன்பே ஆர்மில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவையுங்கள். உங்கள் வண்டிக்குப் பால் ஜாயிண்டும் இரு புஷ்களும் சேர்ந்த முழு ஆர்மாகவே கடைகளில் கிடைக்கிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஜி.பி. ரோட்டில் புதியதையும் புதுப்பேட்டையில் பழையதையும் விசாரிக்கலாம். ஆனால் திசைதிருப்பும் பாகங்களையும் பிரேக் பாகங்களையும் பழையதாக வாங்குவது சரியான சிக்கனம் அல்ல.

பொருத்தும்போது ஒன்றை மறக்கக் கூடாது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும் நிலையில் புஷ் போல்ட்டுகளை இறுதியாக இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். சில மாதங்களிலேயே புதிய புஷ்ஷும் கிழிந்துவிடும். கையால் மட்டும் இறுக்கிவிட்டு, வண்டியின் எடை சக்கரங்களின் மேல் வந்த பிறகு இறுதி இறுக்கம் கொடுங்கள்.

இனி டிரம். முதலில் முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை முழுவதும் விடுவியுங்கள். ஹேண்ட் பிரேக் இழுத்த நிலையில் டிரம்மை அடித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்தகட்டில் ரப்பர் அடைப்பு இருந்தால் அதை எடுத்து, ஷூக்களின் இடைவெளியைச் சரிசெய்யும் பகுதியைத் திருப்புளியால் பின்வாங்கச் செய்து, ஷூக்களை உள்நோக்கி வரவிடுங்கள். அப்போது விளிம்பு தடுக்காது.

அடுத்து, டிரம் எந்த வகை என்று பாருங்கள். டிரம்மின் முகத்தில் மரையுள்ள இரண்டு துளைகள் இருந்தால் அவற்றில் 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கினால் டிரம் தானாகவே ஹப்பிலிருந்து (சக்கரம் பொருந்தும் மையப் பகுதி) தள்ளப்பட்டு வெளியே வரும். கடைக்காரர்கள் உடனே புல்லர் வாங்கச் சொல்வார்கள். இரண்டு போல்ட்டே போதும். ஆனால் நடுவில் உலோகத் தொப்பியும் அதற்குள் பெரிய நட்டும் இருந்தால் பேரிங்கும் டிரம்மும் ஒரே பாகமாக இருக்கிறது என்று பொருள். உங்கள் ஸ்விஃப்ட்டில் இந்த வகையைத்தான் நான் எதிர்பார்க்கிறேன். அங்கே அந்த நட்டைக் கழற்றாமல் எவ்வளவு அடித்தாலும் பயனில்லை, பேரிங்தான் கெடும். நட்டின் விளிம்பு அச்சில் உள்ள பள்ளத்துக்குள் மடித்து அடிக்கப்பட்டிருக்கும். அதை நிமிர்த்திய பிறகே கழற்ற வேண்டும், திரும்ப மாட்டும்போது புதிய நட்டு போட வேண்டும். நட்டை எடுத்த பிறகும் டிரம் வராவிட்டால், சக்கரத்தையே நான்கு நட்டுகளில் சில மரை மட்டும் பிடிக்குமாறு மாட்டி, இரு கைகளாலும் வெளிநோக்கி வெட்டி இழுங்கள். சக்கரத்தின் எடையே இழுப்பானாக வேலை செய்யும்.

டிரம்முக்குள் இருக்கும் தூளை ஊதவோ காற்றடித்துச் சுத்தம் செய்யவோ வேண்டாம். பழைய ஷூக்களில் கல்நார் இருக்க வாய்ப்புண்டு. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள்.

பதில் 4: மேடைக்கட்டை (மதுரை)

எல்லோரும் கழற்றுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். ஐயாவிடம் இருப்பது காருடன் வந்த கத்தரி ஜாக்கி ஒன்றுதான் என்பதை யாரும் கவனிக்கவில்லை. டயர் மாற்றுவதற்காகக் கொடுக்கப்பட்ட கருவி அது. அதை நம்பிக் காரின் அடியில் உடலை நுழைக்கக் கூடாது, அதுவும் ஒருவர் சுத்தியலால் அடித்துக்கொண்டிருக்கும்போது. இந்த முழு வேலையிலும் பணம் செலவழித்தே தீர வேண்டிய ஒரே பொருள் ஒரு சோடி ஜாக் ஸ்டாண்ட். செங்கலும் ஹாலோ பிளாக்கும் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். தடித்த மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினால் அவை தாங்கும், ஆனால் ஸ்டாண்ட் கையிருப்பில் இருந்தால் அந்த யோசனையே தேவைப்படாது. கழற்றிய சக்கரத்தை ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காரின் ஓரச்சட்டத்தின் அடியில் படுக்க வைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. தளம் கெட்டியாகவும் மட்டமாகவும் இருக்க வேண்டும். மணலும் வழுவழுப்பான போர்டிகோ டைல்ஸும் இரண்டுமே ஆபத்தானவை.

சக்கர நட்டுகளையும் டிரம்மின் மைய நட்டையும் வண்டி தரையில் நிற்கும்போதே முதல் சுற்றுத் தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு ஒரு மீட்டர் குழாயை வைத்து இழுத்தால் ஸ்டாண்டும் சேர்ந்து வரும். உளி வேலை செய்யும்போது கண்ணாடி அணியுங்கள்.

இதே வேலையோடு சேர்த்து ஷாக் அப்சார்பரையும் மாற்றிவிடலாம் என்ற ஆசை வந்தால், ஸ்ட்ரட்டை (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுதி) அப்படியே வெளியே எடுப்பது வரை செய்யலாம். அதிலிருந்து ஸ்பிரிங்கைக் கம்பியாலோ கயிற்றாலோ கட்டிப் பிரிக்க முயலாதீர்கள். அமுக்கப்பட்ட ஸ்பிரிங் விடுபட்டால் எலும்பை முறிக்கும், உயிரையும் எடுக்கும். ஸ்ட்ரட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய், அந்தப் பகுதிக்கு மட்டும் கூலி கொடுங்கள்.

முத்துநகர்வாசி (தூத்துக்குடி)

அனைவருக்கும் மிக்க நன்றி. ஜாக் ஸ்டாண்ட் வாங்கிவிட்டேன். நடுவில் தொப்பி உள்ள டிரம்தான் என்பதையும் பார்த்துக்கொண்டேன். மூன்று ஐயங்கள் மட்டும் இருக்கின்றன. டை ராட் எண்டின் நட்டைத் திருப்பினால் தண்டும் சேர்ந்தே சுற்றுகிறது. இதற்கு என்ன செய்வது? ஆர்மின் போல்ட் ஒன்றில் தலை ஏற்கெனவே மழுங்கியிருக்கிறது. இனி சாக்கெட் பிடிக்குமா? டை ராட் எண்டை மாற்றிய பிறகு வண்டியை அலைன்மெண்ட் (சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும்) கடை வரை ஓட்டிச் செல்ல முடியுமா?

கடைசல்காரன் (கோயம்புத்தூர்)

முதல் ஐயத்துக்கு விடை எளிது ஐயா. கூம்பு தன் துளையில் தளர்ந்திருப்பதால்தான் தண்டு சுற்றுகிறது. டை ராட் எண்டின் அடியில் உங்கள் பழைய கத்தரி ஜாக்கியை வைத்து, இடையில் ஒரு மரத்துண்டைக் கொடுத்து மெதுவாக மேல்நோக்கி அழுத்துங்கள். கூம்பு துளைக்குள் இறுகி அமர்ந்துகொள்ளும். அப்போது நட்டு மட்டும் சுழலும். வண்டியே தூக்கப்படும் அளவுக்கு அழுத்த வேண்டாம். அப்படியும் சுற்றினால், நட்டின் ஒரு பக்கத்தை ஹேக்ஸாவால் மரை வரை அறுத்து, உளியால் பிளந்துவிடலாம். தண்டு எப்படியும் பழைய இரும்புக்குத்தான் போகிறது.

மழுங்கிய தலைக்கு, அதன் அளவைவிட ஒரு படி சிறிய ஆறுமுகச் சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றுங்கள். 17க்குப் பதில் 16 கிடைத்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். நல்ல சாக்கெட்டை இதற்குப் பயன்படுத்தாமல், தனியாக விலை குறைந்த ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அடித்து ஏற்றியது திரும்ப வராமலும் போகலாம். அதுவும் வழுக்கினால், தலையின் இரு எதிர்ப்பக்கங்களை அரத்தால் தட்டையாக அராவி, பெரிய பைப் ரெஞ்சால் பிடித்துத் திருப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் வெல்டிங் பட்டறை ஆளை வீட்டுக்கே அழைத்து, தலையின் மேல் ஒரு பெரிய நட்டை வைத்து உள்ளிருந்து பற்றவைக்கச் சொல்லுங்கள். நட்டு பிடிப்பதற்குக் கிடைப்பதோடு, பற்றவைக்கும் வெப்பமே துருவின் பிடியையும் உடைத்துவிடும். பற்றவைக்கும் முன் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். புஷ் ரப்பர் தீப்பிடிக்கக்கூடும் என்பதால் ஒரு வாளித் தண்ணீரும் மணலும் பக்கத்தில் இருக்கட்டும்.

அலைன்மெண்ட் பற்றி: பழைய எண்டைக் கழற்றுவதற்கு முன்பு, அதன் பூட்டு நட்டு நிற்கும் இடத்தில் டை ராடின் மரையில் பெயிண்டால் குறி வைத்துக்கொள்ளுங்கள். பூட்டு நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, எண்டைத் திருகிக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வருகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். புதியதையும் அதே எண்ணிக்கையில் திருகி ஏற்றினால் சக்கரத்தின் கோணம் பழைய நிலைக்கு மிக அருகில் வந்துவிடும். அந்த நிலையில் மெதுவான வேகத்தில் கடை வரை ஓட்டிச் செல்லலாம். புதிய எண்டின் நீளம் பழையதோடு சிறிது வேறுபடக்கூடும் என்பதால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பந்தின் மையத்திலிருந்து மரை முனை வரை அளந்து பார்த்துவிட்டு ஏற்றுங்கள். புறப்படுவதற்கு முன் ஸ்பிளிட் பின் புதியதாகப் போடப்பட்டிருக்கிறதா, குறுக்குப் போல்ட் தண்டின் பள்ளத்தின் வழியே சென்றிருக்கிறதா, பூட்டு நட்டு இறுகியிருக்கிறதா என்று இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். சக்கர நட்டுகளைச் சிறிது தூரம் ஓட்டிய பிறகு 85 நியூட்டன் மீட்டருக்கு மீண்டும் ஒரு முறை இறுக்கிக்கொள்ளுங்கள்.